பகலில் உறங்க ஓர் அறை

உறக்கத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர இந்தத் தூத்துக்குடியில் ஆள் கிடையாது. நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன்தான். ஆனால் உப்பளத்து வரப்பு மேலே உறங்கியிருக்கிறேன். லாரியில் கிளீனராகப் போன காலத்தில் உப்பு மூட்டைக்கு மேலே, தார்ப்பாய்க்குக் கீழே, வண்டி ஓட ஓட உறங்கியிருக்கிறேன். டிரைவரான பிறகு சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில், புரண்டு படுக்கக்கூட இடமில்லாத பலகையில், ராஜா மாதிரி உறங்கியிருக்கிறேன். அப்புறம் சொந்த லாரி வாங்கினேன், அது ரெண்டாச்சு, நாலாச்சு, இன்றைக்கு உப்பு லோடு என்றால் துறைமுகம் வரைக்கும் "அண்ணாச்சி வண்டிக்குச் சொல்லு" என்கிறார்கள். அதற்குப் பாதிக் காரணம் என் உழைப்பு, மீதிக் காரணம் என் உறக்கம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொன்னாலும் தப்பில்லை.

வண்டிகளை நிறுத்துகிற என் லாரி செட்டில் ஒரு சட்டம் உண்டு. உறங்காத டிரைவருக்குச் சாவி கிடையாது. சாவியை வாங்க வருகிறவன் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். கண்ணைப் பார்ப்பேன். "நல்லா ஒறங்குனேன் அண்ணாச்சி" என்று வாய் சொல்லும், கண் வேறு சொல்லும். "போல, போய்ப் படு. லோடு நாளைக்குப் போகட்டும்" என்று சொல்லிவிடுவேன். உப்பு ஒன்றும் அழுகிப் போகிற சரக்கில்லையே. இன்றைக்கு வரைக்கும் என் வண்டி ஒன்றுகூட டிரைவர் கண்ணயர்ந்து கவிழ்ந்ததில்லை.

இப்பேர்ப்பட்ட என் வீட்டிலேயே உறக்கம் இல்லாமல் ஒரு பிள்ளை வாடிப் போனாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்? அவள்தான் என் மருமகள்.

அவள் சாத்தான்குளத்துப் பெண். அப்பா வாத்தியார், படித்த குடும்பம். இவள் நர்ஸுக்குப் படித்து, இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவில் இருக்கிறாள். என் மகன் சரக்குக் கப்பலில் அதிகாரி. கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுக் கப்பலுக்குப் போய்விட்டான். போனால் திரும்பி வர மாசக்கணக்கு ஆகும். வீட்டில் நான், என் வீட்டுக்காரி, மருமகள், மூன்று பேர்தான்.

மில்லர்புரத்தில் இந்த வீட்டைக் கட்டும்போதே மகனுக்கென்று முன்ரூமை நானே நின்று செய்தேன். செங்கோட்டையிலிருந்து தேக்கு வரவழைத்துக் கட்டில் போட்டேன். ஆள் விழுந்தால் அமுங்கிப் போகிற மெத்தை. மேலே ஃபால்ஸ் சீலிங், அதற்குள் நீலத்திலும் பச்சையிலும் லைட்டு. சுவரில் பெரிய டிவி. தெருவைப் பார்த்து ஆளுயர ஜன்னல், கண்ணாடி போட்டது. அந்த ரூமைப் பார்த்துவிட்டுப் போகாத சொந்தக்காரர் கிடையாது. "ஏல, ஓட்டல் மாதிரில்லா இருக்கு!" என்பார்கள். உறங்குவதற்கு இதைவிட நல்ல அறை இந்தத் தெருவிலேயே இல்லை என்று நானும் நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறை வந்ததும் மருமகளுக்குத் தொடர்ந்து ராத்திரி டூட்டி போட்டார்கள். காலையில் வருவாள், குளிப்பாள், ரெண்டு இட்லியைத் தின்பாள், முன்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். ஆரம்பத்தில் சாப்பிடும்போது கதை சொல்லுவாள். ஒரு நாள் ஒரு பெரியவருக்குத் தொண்டைக் குழாயை எடுத்ததும் அவர் வாயைத் திறந்து முதலில் கேட்டது, "டீ கெடைக்குமா?" என்றுதானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். போகப் போகக் கதை நின்றுவிட்டது. இட்லியில் ஒன்று தட்டிலேயே கிடந்தது. கண்ணுக்குக் கீழே கரி அப்பின மாதிரி ஆகிவிட்டது.

ஒரு நாள் காலையில் முழங்காலில் சிராய்ப்போடு வந்தாள். "சும்மா, ஸ்கூட்டி சறுக்கிட்டு மாமா" என்றாள்.

நான் அவள் கண்ணைப் பார்த்தேன். எத்தனை டிரைவர் கண்ணைப் பார்த்தவன்!

"சறுக்கல. நீ ஒறங்கிட்ட" என்றேன்.

 "ரவுண்டானாகிட்ட ஒரு நிமிசம் கண்ணு மூடிட்டு மாமா. முழிக்கும்போது வண்டி நடு ரோட்டுத் திட்டு மேல ஏறிட்டு" என்றாள்.

நான் கையை நீட்டினேன். "சாவியக் குடு."

"எதுக்கு மாமா?"

"ஒறங்காத ஆளுக்கு எங்கிட்டச் சாவி கிடையாது. டூட்டிக்கு நா கார்ல கொண்டு விடுதேன், காலைல கூட்டிட்டு வாரேன்."

"நா என்ன ஒங்க டிரைவரா?" என்று கோபமாகக் கேட்டாள். ஆனாலும் சாவியைக் கையில் வைத்தாள். அப்புறம் அடுப்படி வாசலில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்: "இந்த மாசம் முடியட்டும் மாமா. அதுக்குள்ள ஒறக்கம் சரியாவலன்னா வேலைய விட்டுருதேன்னு எழுதிக் குடுத்துருதேன். ராத்திரில மருந்தோட அளவ நாலு தடவ பாக்கேன், அப்பமும் எனக்குச் சந்தேகமா இருக்கு. ஒரு உயிருக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

என் வீட்டுக்காரி, "விட்டுட்டா என்ன? நமக்கு என்ன கொறச்ச?" என்றாள்.

மருமகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வேலை அவளுக்கு எப்பேர்ப்பட்டது என்று எனக்குத் தெரியும். என்னை யாராவது லாரியை விட்டுவிடு என்று சொல்லியிருந்தால் நான் எப்படித் திரும்பியிருப்பேனோ அப்படித் திரும்பினாள்.

"மாசக் கடைசி வரைக்கும் பொறு. ஒன்ன நா ஒறங்க வைக்கேன்" என்றேன். சொல்லிவிட்டேன். சொன்னால் செய்யாமல் விட்டவன் இல்லை நான்.

முதலில் வெளிச்சம். காலையில் எழும்பின சூரியன் அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாக நேரே கட்டிலில் விழும். கடையில் கனமான திரை வாங்கி வந்தேன். திரையைத் தாண்டியும் வெளிச்சம் வந்தது. உடனே என் மூளை வேலை செய்தது. லாரி செட்டிலிருந்து ஒரு தார்ப்பாயைக் கொண்டுவரச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே நாலு ஆணி அடித்து இழுத்துக் கட்டினேன். ரூம் கும்மிருட்டு.

என் வீட்டுக்காரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "என்ன, மருமகள சேலத்துக்கு லோடு ஏத்தப் போறியளா?" என்றாள்.

"நீ சும்மா கெட. உள்ள வந்து பாரு, பகல் மாதிரியா இருக்கு?"

மருமகளிடம் கேட்டேன். "இருட்டு நல்லாத்தான் இருக்கு மாமா" என்றாள். பாவம், மனசு நோகக் கூடாதென்று சொல்லியிருக்கிறாள். நாலு நாளில் விஷயம் தெரிந்துவிட்டது. உப்பு சுமந்த தார்ப்பாய் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடிக்கும். அந்த வாரம் பார்த்துக் கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்க ஆரம்பித்தது. தார்ப்பாய் ஈரத்தை இழுத்து இழுத்து, சொட்டுச் சொட்டாக உப்புத் தண்ணீரைச் சுவரில் விட்டது. ஜன்னல் ஓரம் உள்பக்கப் பெயிண்டெல்லாம் அப்பளம் மாதிரிப் பொங்கிவிட்டது. ஆணி நாலும் துருப்பிடித்துச் சிவப்பாக வடிந்தது. ரூமுக்குள் புழுக்கம், உப்பு நாத்தம். தெருவில் போகிறவன் எல்லாம், "அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே அளம் போட்டுட்டியளா?" என்று கேட்டான். ஆயுசு பூராவும் உப்போடு கிடந்தவனுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். அன்றைக்கு நினைப்பு வரவில்லை, அவ்வளவுதான். தார்ப்பாயை அவிழ்த்துவிட்டு, கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டினேன்.

அடுத்தது சத்தம். முன்ரூம் தெருவை ஒட்டி இருக்கிறது. டிரைவர்கள் காலையில் கணக்குச் சொல்ல என் வீட்டுக்குத்தான் வருவார்கள். வந்தவன் காலிங் பெல்லை அமுக்குவான். அந்த பெல்லின் ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாளிலிருந்து, பெல் இல்லாததால், கேட்டுக்கு வெளியே நின்று "அண்ணாச்சீ!" என்று கத்தினார்கள். மீன்காரி சைக்கிளை ஜன்னலுக்கு நேரே நிறுத்தி, "சாள இருக்கு, நெத்திலி இருக்கு, சூட மீனு இருக்கு" என்று பட்டியல் போட்டாள். நான் கேட்டுக்கு ஓடிப்போய் உதட்டில் விரலை வைத்தால், "என்ன அண்ணாச்சி, வாயில முள்ளா?" என்று இன்னும் சத்தமாகக் கேட்டாள்.

இத்தனைக்கும் மேலே, ஒரு நாள் நான் நினைத்தே பார்க்காத ஒன்றை மருமகள் சொன்னாள். கரண்டு போகும்போது இன்வெர்ட்டர் 'பீப், பீப்' என்று கத்தும். முன்ரூம் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அது இருக்கிறது. "அந்தச் சத்தம் கேட்டா என் காலு தன்னால தரைல எறங்கிருது மாமா. ஏதோ பேசண்டுக்கு மூச்சு எறங்குதுன்னு நெனச்சுட்டு ஓடப் பாக்கேன். அப்பறந்தான் வீட்ல இருக்கோம்னு தெரியுது. டிவில எரியுற செவப்புப் புள்ளி, ஏசில எரியுற பச்ச நம்பர், எல்லாம் எனக்கு ஐசியூதான்" என்றாள். நான் ஆசை ஆசையாகப் போட்ட லைட்டெல்லாம் அவளுக்கு ஆஸ்பத்திரியாக இருந்திருக்கிறது. கறுப்பு டேப்பை எடுத்து ஒவ்வொரு புள்ளியிலும் ஒட்டினேன். இன்வெர்ட்டரைப் பின்கட்டுக்கு மாற்றினேன்.

இதெல்லாம் செய்தும் அவள் தொடர்ந்து உறங்கினது ரெண்டு மணி நேரம் இருக்கும். காரணம் ஒன்று பாக்கி இருந்தது. அதைத் தொட எனக்கே பயமாக இருந்தது. அது என் வீட்டுக்காரி.

எங்கள் பக்கம் விளக்கு வைக்கிற நேரத்தில் வீட்டில் யாரும் படுத்துக் கிடக்கக் கூடாது. அதிலும் மருமகள் படுக்கவே கூடாது. மூதேவி வந்துவிடுவாள் என்பார்கள். காலையில் வந்து, மத்தியானத்துக்கு மேல் ஒருவழியாகக் கண்ணயர்கிற பிள்ளையை, பொழுது சாய ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரி போய், "ஏளா, எந்திரி. வெளக்கு வைக்கணும்" என்று எழுப்பிவிடுவாள். அவள் தள்ளாடிக்கொண்டே வந்து முகத்தைக் கழுவி விளக்கை ஏற்றுவாள். கொஞ்ச நேரத்தில் டூட்டிக்குப் புறப்படுவாள்.

"ஒரு நாள் விட்டுத்தான் பாரேன்" என்று நான் சொன்னேன்.

"விடுவேன். எம் மவன் தரைல இருந்தா விடுவேன்" என்றாள். "கடல்ல போனவன் பொண்டாட்டி வெளக்கு நேரத்துல கண்ண மூடிக் கெடந்தா, அங்கன அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்களா பதில் சொல்லுவிய? மூணு பெத்து, தங்குனது அவன் ஒருத்தந்தான்."

 அவள் கொடுமைக்காரி இல்லை. மருமகளுக்குத் தலையில் எண்ணெய் வைத்து விடுகிறவள், அவள் விட்ட இட்லியைப் பார்த்துக் கவலைப்படுகிறவள். ஆனால் அந்தப் பயத்தை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியாது என்று நினைத்தேன். மாசம் பாதிக்கு மேலே போய்விட்டது.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு நாள் சாயங்காலம், மருமகள் வழக்கம்போல உறக்கம் வராமல் எழுந்து வந்துவிட்டாள். "சும்மாதான் இருக்கேன், அரிசி எடுத்துட்டு வாரேன் அத்த" என்று சாமான் ரூமுக்குப் போனாள். அது வீட்டின் வடபக்கம், மாடிப்படிக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறை. ஜன்னல் கிடையாது, உயரத்தில் காற்றுக்கு ஒரு ஓட்டை மட்டும். அரிசி மூட்டை, கல்யாணப் பாத்திரம், கருப்பட்டிப் பானை, கருவாட்டு டப்பா, லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டை, டியூப் எல்லாம் அங்கேதான் கிடக்கும். போனவள் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரி போனாள், போன வேகத்தில் திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். மருமகள் அரிசி மூட்டை மேலே உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, கையில் அரிசி அளக்கிற நாழியைப் பிடித்தபடியே உறங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அது உறக்கம். நான் பார்த்திருக்கிற எத்தனையோ உறக்கத்தில் அது முதல் தரம்.

"ஏளா..." என்று என் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

"விடுங்க. வெளக்கு வைக்கிற நேரமாச்சு. சாக்கு மேல ஒறங்குதா, நல்லாவா இருக்கு?"

"எழுப்புனன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்" என்றேன்.

அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. போனை எடுத்தாள். "இருங்க, எம் மவன்கிட்டயே கேக்கேன்" என்று மகனுக்கு வீடியோவில் போட்டாள். கப்பலில் இப்போதெல்லாம் இன்டர்நெட் உண்டு. ரொம்ப நேரம் அடித்தது. கடைசியில் எடுத்தான். திரையில் ஒன்றுமே தெரியவில்லை, ஒரே இருட்டு.

"என்னம்மா?" என்று இருட்டுக்குள்ளிருந்து கரகரத்த குரல் மட்டும் வந்தது.

"ஏலே, மொகத்தக் காட்டு. எங்கன இருக்க?"

"ரூம்லதான். பிரேசில் பக்கம் போயிட்டிருக்கோம். ஒறங்கிட்டு இருந்தேன்மா."

"ஒறங்கிட்டு இருந்தியா? இப்பமா?"

"இங்க காலைலம்மா. ராத்திரி வாச்சு டூட்டி முடிச்சு விடியக்காலந்தான் படுத்தேன். தெனமும் இந்த நேரந்தான் ஒறங்குவேன்."

"தெனமுமா?"

"ஆமா. அதான் வழக்கமா நா எந்திரிச்ச பொறவு ஒங்களுக்குப் போன் போடுதேன். ஏன், என்ன விசயம்? யாருக்கும் ஒண்ணும் இல்லல?"

என் வீட்டுக்காரி போனைப் பிடித்தபடி நின்றாள். இங்கே விளக்கு வைக்கிற நேரத்தில் அங்கே அவனே ஒவ்வொரு நாளும் கண்ணை மூடிக் கிடந்திருக்கிறான். இருந்தும் அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல உறக்கத்தில் இருந்தவனை இன்றைக்கு எழுப்பிவிட்டது இவள்தான்.

"ஒண்ணும் இல்லப்பா. நீ ஒறங்கு" என்றாள்.

"இரு, இரு" என்று நான் போனை வாங்கினேன். "ஏலே, லைட்டப் போடு. நீ ஒறங்குற ரூமக் காட்டு."

"இந்த நேரத்துலயா?" என்று முனகிக்கொண்டே லைட்டைப் போட்டுச் சுற்றிக் காட்டினான். சின்ன அறை. கட்டிலைச் சுற்றி ஒரு திரை. வட்ட ஜன்னலுக்கு இரும்பு மூடி. டிவி இல்லை, கலர் லைட்டு இல்லை. வாசலுக்கு வெளியே ஒரு அட்டை தொங்குமாம், வாச்சு முடித்தவன் உறங்குகிறான் என்று. அதைப் பார்த்தால் கேப்டனே கதவைத் தட்ட மாட்டாராம். "எஞ்சின் சத்தம் கேக்குமே, ஒறக்கம் வருமா?" என்றேன். "அது ஒரே மாதிரி கேக்கும்ப்பா. நின்னாத்தான் முழிப்பு வரும்" என்றான்.

எனக்குப் பொறி தட்டியது. லாரியிலும் அதேதான். வண்டி ஓடுகிற வரைக்கும் உறங்குவோம், எஞ்சினை நிறுத்தினால் எழுந்துவிடுவோம். நான் ஆயுசு முழுக்கச் சின்ன இடத்தில், இருட்டில், ஒரே சத்தத்தில் உறங்கியிருக்கிறேன். மருமகளுக்கு மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி ரூம் போட்டால் எப்படி உறக்கம் வரும்? இதைக் கண்டுபிடிக்க என் மகனுக்குக் கப்பல் வேண்டியிருந்தது. எனக்கு லாரியே போதும். கொஞ்சம் லேட்டாகிவிட்டது, அவ்வளவுதான்.

அன்றைக்கு விளக்கை என் வீட்டுக்காரியே ஏற்றினாள். ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் கும்பிட்டாள். மருமகளை நான்தான் டூட்டிக்கு நேரமானதும் எழுப்பினேன். "ஐயோ, வெளக்கு?" என்று பதறி எழுந்தாள். "அதெல்லாம் ஆச்சு. மொகத்தக் கழுவு" என்றாள் என் வீட்டுக்காரி, அவள் முகத்தைப் பார்க்காமலே.

மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். சாமான் ரூமைக் காலி செய்தேன். ஸ்பிரிங் பட்டையெல்லாம் லாரி செட்டுக்குப் போனது. கருவாட்டு டப்பாவை மாடிக்கு ஏற்றினேன். சுவருக்கு ரெண்டு தடவை சுண்ணாம்பு அடித்தும் கருவாட்டு வாடை போகவில்லை, மூன்றாம் தடவை அடித்தேன். அதற்கு மேலே நீலக் கலர் அடிக்கலாம் என்றேன். "நீலமும் வேண்டாம், பச்சையும் வேண்டாம் மாமா, அது எங்க ஆஸ்பத்திரிக் கலரு" என்றாள் மருமகள். மண் கலர் கேட்டாள். நமக்குப் பிடிக்கவில்லை, ஆனால் உறங்கப் போவது நான் இல்லையே.

தேக்குக் கட்டில் அந்த வாசலுக்குள் நுழையவில்லை. ஆசாரியை வைத்துச் சாதாரணப் பலகைக் கட்டில் ஒன்று செய்து, அதில் இலவம்பஞ்சு மெத்தையைப் போட்டேன். சின்ன ஏசி வைத்து அதன் நம்பர் மேல் கறுப்பு டேப் ஒட்டினேன். காற்று ஓட்டையில் ஒரு ஃபேனைப் பொருத்தினேன், அது ஒரே சீராக 'ம்ம்ம்' என்று ஓடும். கதவுக்குத்தான் என் கைவேலை. பழைய லாரி டியூபைக் கீறி, பட்டை பட்டையாக நறுக்கி, கதவு நிலையைச் சுற்றி ஒட்டினேன். கதவைச் சாத்தினால் சத்தமும் வராது, வெளிச்சமும் நுழையாது. எந்த எஞ்சினியருக்கு இது தோன்றும்?

"எல்லாம் சரி. மருமகள சாமான் ரூம்ல போட்டாச்சுன்னு ஊரு சொல்லுமே" என்றாள் என் வீட்டுக்காரி.

"ஊரா ராத்திரி பூரா முழிச்சிருந்து மருந்து குடுக்குது?" என்றேன். வாய் அப்படிச் சொன்னாலும் எனக்கும் உள்ளுக்குள் உறுத்தல்தான். முன்ரூமைக் காட்டிப் பெருமைப்பட்டவன், விருந்தாள் வந்தால் இதைக் காட்ட முடியுமா?

முதல் நாள் மருமகள் உறங்கவில்லை. பெயிண்டு வாடை தலையை வலிக்கிறது என்றாள். மறுநாள் சீக்கிரமே எழுந்துவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் போனவள் மத்தியானம் தாண்டியும் வெளியே வரவில்லை. என் வீட்டுக்காரிக்குப் பயம் வந்து, மெதுவாகக் கதவைத் திறந்து, மூக்குக்கு நேரே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வந்தாள். "மூச்சு இருக்கு" என்றாள். அப்புறம் மருமகளின் போன் என் வீட்டுக்காரியின் இடுப்புக்குப் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டால் இவள்தான் பேசுவாள். "நா அவ அத்த பேசுதேன். ஒறங்குதா. உயிர் போற அவசரம்னா சொல்லுங்க, எழுப்புதேன்." அந்தப் பக்கம், "இல்லம்மா, லீவு விசயமா..." என்பார்கள். "அப்ப எந்திரிச்ச பொறவு பேசுவா" என்று வைத்துவிடுவாள். மீன்காரியைப் பின்பக்கச் சந்து வழியாக வரச் சொன்னதும் அவள்தான். நான் விரலை வைத்தபோது கேலி செய்த மீன்காரி, இவள் ஒரு பார்வை பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

மாசக் கடைசி வந்தது. சாயங்காலம் கேட்டில் ஆட்டோ வந்து நின்றது. மருமகளின் அம்மா, கையில் முந்திரிக்கொத்து டப்பாவோடு இறங்கினார். 

"வாங்க மைனி" என்றேன்.

"வாரேன் அண்ணாச்சி. புள்ள போன்ல அழுதா. வேலைய விடப் போறேன்னு சொன்னா. அதான் ரெண்டு மாசம் எங்கூட இருக்கட்டும்னு கூட்டிட்டுப் போக வந்தேன். எங்க அவ?"

அழுதது மாசத் தொடக்கத்தில் என்று பிறகுதான் தெரிந்தது. அந்த அம்மா நேரே முன்ரூமுக்குப் போய்க் கதவைத் திறந்தார். தேக்குக் கட்டில் விரித்தபடி காலியாகக் கிடந்தது. திரும்பிப் பார்த்தார். "எங்க எம் புள்ள?"

என் வீட்டுக்காரி மாடிப்படிக்குப் பின்னால் கையைக் காட்டினாள். அந்த அம்மாவுக்கு அது என்ன ரூம் என்று தெரியும். கல்யாணத்தின்போது சீர்ப் பாத்திரத்தை அங்கேதான் இறக்கி வைத்தார்கள்.

"சாமான் ரூம்லயா?" என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. "இம்புட்டுப் பெரிய வீட்ல எம் புள்ளைக்கு அங்கனதான் எடம் கெடச்சுதா அண்ணாச்சி?"

எத்தனை பேரோடு வாய்ச் சண்டை போட்டு ஜெயித்தவன் நான். அன்றைக்கு என் வேட்டியைத்தான் இழுத்துக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மா விறுவிறு என்று அந்தப் பக்கம் நடந்தார். என் வீட்டுக்காரி குறுக்கே போய்க் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"மைனி, கோவிச்சுக்காதிய. இப்பம் எழுப்ப முடியாது."

"எம் மவள நா பாக்கக் கூடாதா?"

"பாருங்க. நல்லாப் பாருங்க. எழுப்ப மட்டும் செய்யாதிய."

"வெளக்கு வைக்கிற நேரம்..."

"வெளக்கு நா வச்சுட்டேன்" என்றாள் என் வீட்டுக்காரி. "அவ வேல பாத்துட்டு வந்து ஒறங்குதா. எம் மவனும் இந்நேரம் அங்கன ஒறங்கிட்டுத்தான் இருப்பான்."

கதவைச் சத்தமில்லாமல் திறந்தாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் ஃபேனின் 'ம்ம்ம்' சத்தமும் வந்தன. அந்த அம்மா தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்த்தார். நான் பின்னால் நின்றேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை, அந்த அம்மாவின் முதுகுதான் தெரிந்தது. ரொம்ப நேரம் அப்படியே நின்றார். பிறகு அவரே கதவைச் சாத்தினார், நாங்கள் சாத்துவதைவிட மெதுவாக.

"கை தொங்கக் கெடக்கா" என்றார். "அசந்து ஒறங்குனா அப்படித்தான் கெடப்பா."

ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து குசுகுசு என்று பேசினார்கள். நான் ஹாலில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். தார்ப்பாய்க் கதையைச் சொல்லி என் வீட்டுக்காரி சிரித்ததும் கேட்டது. அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம்.

மருமகள் தானாகவே எழுந்து வந்தாள். முகத்தில் தலையணைக் கோடு பதிந்திருந்தது. அம்மாவைப் பார்த்ததும் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்து மேலே சாய்ந்தாள். அந்த அம்மா கேட்டார்: "என்ன முடிவு செஞ்ச? எழுதிக் குடுத்துட்டியா?"

"எத?" என்று மருமகள் கேட்டாள். நிஜமாகவே ஒரு விநாடி அவளுக்குப் புரியவில்லை. பிறகு, "அதுவா? இல்லம்மா. நேத்து ஒருத்தர வார்டுக்கு மாத்துனோம். பொழைக்க மாட்டார்னு நெனச்ச ஆளு. போவும்போது எங்கிட்ட, 'நீ ஒறங்கவே மாட்டியாளா?'ன்னு கேட்டார். ஒறங்குவேன் தாத்தா, பகல்லன்னு சொன்னேன்" என்றாள். காபியை ஒரே மூச்சில் குடித்தாள். பசிக்கிறது என்று நாலு முந்திரிக்கொத்தைத் தின்றாள். "நேரமாச்சு" என்று தலையைப் பின்னிக்கொண்டே புறப்பட்டாள்.

அவள் கண்ணைப் பார்த்து, ஸ்கூட்டிச் சாவியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே வந்தேன். சம்பந்தி அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சாமான் ரூம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு மைனி. முன்ரூம்ல கொஞ்சம் படுங்களேன், ஏசி போட்டு விடுதேன்" என்றேன்.

"முன்ரூம் வேண்டாம் அண்ணாச்சி" என்றார் தயங்கிக்கொண்டே. "இங்கன செத்த முதுகச் சாய்க்கட்டுமா? பஸ்ல வந்தது ஒரே வலி."

என் வீட்டுக்காரி விரிப்பை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்தினாள். பஸ் நேரம் வந்தது. எழுப்பலாமா என்று நான் எழுந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மறுபடி உட்கார்ந்துவிட்டேன். சாத்தான்குளத்துக்குப் போன் போட்டு, மைனி நாளைக்கு வருவார்கள் என்று சம்பந்தியிடம் சொன்னேன். ஏன், என்ன ஆச்சு என்று அவர் பதறினார். ஒன்றும் ஆகவில்லை, என் வீட்டில் ஒரு ரூம் போட்டிருக்கிறேன், நீங்களும் ஒரு நாள் வந்து படுத்துப் பாருங்கள் என்றேன்.